திருகோணமலையில் கண் பரிசோதனை: கண்ணாடிக் கடையா, கிளினிக்கா, சனலிங்கா?

திருகோணமலையில் ஒருவர் "எழுத்து மங்கலாகத் தெரிகிறது" என்று சொல்லிவிட்டால் போதும், வீட்டில் ஆளுக்கொரு யோசனை புறப்பட்டுவிடும். கடைத்தெருவில் உள்ள கண்ணாடிக் கடையில் காசில்லாமலே பார்ப்பார்கள் என்பார் சித்தப்பா. பொது வைத்தியசாலைக் கண் கிளினிக்தான் நம்பிக்கை என்பார் பக்கத்து வீட்டு ஆசிரியை. சனல் செய்து, அதாவது தனியாரிடத்தில் கட்டணம் கட்டிப் பதிந்து, நிபுணரிடமே காட்டிவிடச் சொல்வார் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் அண்ணன். இலவச முகாம் வரும்வரை பொறுத்திருக்கச் சொல்வார் அம்மம்மா. இந்த வழிகளை நாம் பெரும்பாலும் செலவை வைத்தே எடைபோடுகிறோம். அதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உங்களுக்குத் தேவை கண்ணாடியின் அளவு மட்டுமா, அல்லது கண்ணுக்குள்ளே நோய் ஏதும் இருக்கிறதா என்ற விடையும் சேர்த்தா? இது தெளிவானால் எங்கே போவது என்பது பாதி முடிவாகிவிடும்.

ஒப்டோமெட்ரிஸ்ட் என்பவர் பார்வையை அளந்து, கண்ணாடி அளவைக் கண்டுபிடித்து, நோயின் அறிகுறி தெரிந்தால் வைத்தியரிடம் அனுப்பப் பயிற்சி பெற்றவர். கண் வைத்திய நிபுணர் மருத்துவம் படித்துக் கண்ணில் சிறப்புப் பட்டம் பெற்றவர். மருந்து கொடுப்பதும் சத்திரசிகிச்சை செய்வதும் அவருடைய வேலை. கடையில் சட்டகத்தை எடுத்துக் காட்டுபவர் இந்த இருவரில் ஒருவராக இருக்க வேண்டியதில்லை.

கண்ணாடிக் கடை

கடையின் பெரிய பலம் அருகாமை. வேலை நாளை இழக்காமல் மாலையில் போய்வரலாம். கிட்டப்பார்வை, தூரப்பார்வை, சிதறல் பார்வை, நாற்பது வயதை ஒட்டி வரும் வெள்ளெழுத்து ஆகியவற்றுக்கு அளவு காண்பது ஒப்டோமெட்ரிஸ்டின் அன்றாடத் தொழில். தகுதியுள்ள ஒருவர் ஆற அமர எடுக்கும் அளவு வைத்தியசாலையில் எடுக்கும் அளவுக்குக் குறைந்ததன்று. சனநெருக்கடி இல்லாத நேரத்தில் போனால் அதைவிட நிதானமாகவே பார்ப்பார்கள்.

ஆகவே, கடைக்குள் நுழைந்ததும் சட்டகங்களைப் பார்க்காதீர்கள். "கண் பார்ப்பவர் யார், எங்கே படித்தவர், எந்த நாட்களில் வருவார்?" என்று கேளுங்கள். இது மரியாதைக் குறைவான கேள்வியன்று. தகுதியுள்ளவர் தயங்காமல் பதில் சொல்வார். சில கடைகளில் ஒப்டோமெட்ரிஸ்ட் குறிப்பிட்ட நாட்களில்தான் இருப்பார். மற்ற நாட்களில் விற்பனையாளரே கணினி இயந்திரத்தின் முன்னால் உங்களை உட்கார வைப்பார். அப்படியானால் அவர் வரும் நாளைக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

அந்த இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாடியை வைத்து உள்ளே பார்த்தால் தூரத்தில் ஒரு பலூனோ வீடோ தெரியும். சில விநாடிகளில் எண்கள் அச்சாகி வெளியே வரும். அந்த எண்கள் தொடக்கப் புள்ளி மட்டுமே. இளவயதினர் கிட்டத்தில் பார்ப்பதற்குக் கண்ணின் வில்லையை இறுக்குவார்கள். இயந்திரத்துக்குள் பார்க்கும்போதும் அந்த இறுக்கம் தளராமல் இருந்தால், உண்மையில் இருப்பதைவிடக் கூடிய கிட்டப்பார்வையை அது காட்டிவிடும். அச்சான தாளைப் பார்த்து நேரே கண்ணாடி வெட்டக் கொடுக்கும் கடையில் நான் யாரையும் காசு கட்ட விடமாட்டேன்.

நல்ல பரிசோதனை எப்படி நடக்கும்? முதலில் உங்களோடு பேசுவார்கள்: என்ன வேலை, என்ன வருத்தம், என்ன மருந்து, வீட்டில் யாருக்காவது கண் நோய் உண்டா? பிறகு பழைய கண்ணாடியை அளப்பார்கள். ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் அட்டையை வாசிக்கச் சொல்வார்கள். 1862 இல் நெதர்லாந்துக் கண் வைத்தியர் ஹெர்மன் ஸ்நெல்லன் வடிவமைத்த அட்டையின் வழிவந்ததுதான் இன்றும் சுவரில் தொங்குகிறது. 6/6 என்றால், இயல்பான கண் 6 மீற்றரில் வாசிக்கும் வரியை நீங்களும் அதே தூரத்தில் வாசிக்கிறீர்கள் என்று பொருள். 6/60 என்றால், இயல்பான கண்ணுக்கு 60 மீற்றரில் தெரியும் எழுத்து உங்களுக்கு 6 மீற்றரில்தான் தெரிகிறது. அறை சிறியதென்றால் அட்டையை முகம் பார்க்கும் கண்ணாடியில் பிரதிபலிக்க வைத்துத் தூரத்தைச் சரிசெய்வார்கள். அதன் பின்னர் சோதனைச் சட்டகத்தில் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து "இதுவா, அதுவா தெளிவு?" என்று கேட்பார்கள்.

இந்த இடத்தில் நம்மவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். கேட்பவர் மனம் நோகக்கூடாதென்று ஏதாவது ஒன்றைத் தெரிவு செய்துவிடுகிறார்கள். "இரண்டும் ஒரே மாதிரித்தான்" என்பதும் சரியான பதிலே. அளவு முடிவை நெருங்கிவிட்டது என்பதற்குப் பெரும்பாலும் அதுவே அடையாளம். விளங்காவிட்டால் மீண்டும் காட்டச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்து வாசிக்காத பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்து அட்டையோ, எண் அட்டையோ, திசை காட்டும் அட்டையோ கேளுங்கள். எழுத்துத் தெரியாதவருக்குப் பார்வை தெரியவில்லை என்று பதிந்துவிடுவது பெரும் அநியாயம். பரிசோதிப்பவர் சிங்களம் மட்டுமே பேசுபவராக இருந்தால், மொழி தெரிந்த ஒருவரைக் கட்டாயம் கூட்டிச் செல்லுங்கள்.

கடையின் பலவீனம் அதன் வருமானத்தில் இருக்கிறது. பரிசோதனை இலவசமென்றால், அதன் செலவு கண்ணாடி விலைக்குள் இருக்கிறது. அதில் குற்றமில்லை; ஆனால் 0.25 அளவு மாற்றத்துக்குப் புதுக் கண்ணாடி செய்யச் சொன்னால் பொறுமையாக யோசிக்கலாம். பரிசோதனைக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு, அளவுத் துண்டைக் கையில் தந்து, எங்கே வேண்டுமானாலும் கண்ணாடி செய்துகொள்ளலாம் என்று சொல்லும் கடை இருந்தால் அதையே நான் முதலில் சிபாரிசு செய்வேன். துண்டில் இரு கண்களின் அளவும், சிலிண்டர் (சிதறல் பார்வைக்கான அளவு) இருந்தால் அதன் கோணத்தைக் குறிக்கும் அச்சும், வாசிப்புக்கான மேலதிக அளவும், கண்மணிகளுக்கு இடையிலான தூரமும் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை எழுதாமல் விடுவது வழக்கம், கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

பொது வைத்தியசாலைக் கண் கிளினிக்

இங்கே பரிசோதனைக்குக் கட்டணமில்லை. யாரும் எதையும் விற்கவில்லை. கண்புரையோ கண் அழுத்தமோ விழித்திரைக் கோளாறோ தெரியவந்தால் அதே இடத்திலேயே வைத்தியம் தொடங்கும். கடையால் தர முடியாதது இது. முதல் தடவை போகிறவர்கள் பொதுவாக வெளிநோயாளர் பிரிவின் ஊடாகவோ, வேறொரு வைத்தியரின் கடிதத்தோடோ போக வேண்டும். கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளில் காட்டுகிறவர்கள் அங்கேயே கடிதம் வாங்கி வருவது அலைச்சலைக் குறைக்கும்.

விலையாகக் கொடுப்பது நேரம். அதிகாலையில் வந்து துண்டெடுத்து, பார்வை அளக்க ஒரு வரிசை, சொட்டு மருந்துக்கு ஒரு காத்திருப்பு, வைத்தியரைக் காண மற்றொரு வரிசை என்று அரை நாள் போய்விடும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு மூதூர், சம்பூர் மக்களுக்கு நகருக்கு வருவது எவ்வளவோ இலகுவாகிவிட்டது. ஆனாலும் நாட்கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் போவது சின்ன விடயமன்று. கிளினிக் நாளை முன்கூட்டியே விசாரிக்காமல் பஸ் ஏறாதீர்கள். சாதாரண வாசிப்புக் கண்ணாடிக்காக மட்டும் இந்த வரிசையில் நிற்பதை நான் ஆதரிக்கவில்லை. அந்த இடம் கண்புரையோடு வரும் தாத்தாவுக்குத் தேவை.

சனலிங்

அரச வைத்தியசாலைகளில் பணிபுரியும் நிபுணர்களே மாலையிலும் வார இறுதியிலும் தனியாரிடத்தில் பார்ப்பதுண்டு. ஆகவே கட்டணம் கொடுப்பதால் வேறொரு கண் வைத்தியம் கிடைக்கிறது என்று எண்ண வேண்டியதில்லை. வசதியான நேரத்தையும் குறைந்த காத்திருப்பையுமே வாங்குகிறீர்கள். சந்திப்பு சில நிமிடங்கள்தான் நீளும் என்பதால் கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கண்ணாடி அளவை நிபுணரே எடுப்பாரா, வெளியே எடுத்துவரச் சொல்வாரா என்பதையும் பதியும்போதே கேளுங்கள். இல்லையேல் ஒரே வேலைக்கு இரண்டு கட்டணம் போகும்.

மற்ற வழிகள்

பாடசாலை மண்டபங்களிலும் கோவில், பள்ளிவாசல் வளாகங்களிலும் நடக்கும் இலவச முகாம்களை நான் மதிக்கிறேன். கண்புரை முற்றியும் வீட்டிலேயே இருக்கும் முதியவர்களை அவைதான் வெளியே கொண்டுவருகின்றன. ஆனால் பெருங்கூட்டத்தில் எடுக்கும் அளவு அவசர அளவு. நோய் இருக்கிறதா என்று சலித்தெடுக்கவே அது பொருந்தும்.

நடைபாதையில் விற்கும் தயார் வாசிப்புக் கண்ணாடியில் இரு பக்கமும் ஒரே அளவு இருக்கும், சிலிண்டர் இருக்காது. பரிசோதனை முடித்தவர் மேலதிகமாக ஒன்று வைத்துக்கொள்வதில் தீங்கில்லை. அதை வாங்கியதோடு பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. குளுக்கோமா என்னும் கண் அழுத்த நோயின் பரவலான வகை வலியின்றி ஓரப் பார்வையைத் தின்னும். வாசிக்கும் எழுத்து கடைசிவரை தெளிவாகவே இருக்கும்.

கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலைக்கு இரவு ரயிலில் போவது, இங்குள்ள நிபுணர் கடிதம் தந்த பிறகு செய்ய வேண்டிய பயணம். வெறும் கண்ணாடிக்காக அது தேவையில்லை.

யார் எங்கே?

நோய் எதுவுமில்லாத இளவயதினர் தகுதியுள்ள ஒப்டோமெட்ரிஸ்ட் இருக்கும் கடைக்கே போகலாம். நாற்பதைக் கடந்தவர்கள் கண்ணாடியைக் கடையில் செய்தாலும், கண் அழுத்தத்தையும் கண்ணின் பின்புறத்தையும் ஒரு தடவையாவது வைத்தியரிடம் காட்ட வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ குளுக்கோமா இருந்தால் இதில் தாமதம் கூடாது.

சீனி வருத்தக்காரர்களுக்கு என் பதில் கிளினிக்தான். நாற்பதுக்குப் பின் வரும் வழமையான நீரிழிவு கண்டறியப்பட்ட உடனேயே விழித்திரையைப் பார்க்க வேண்டும். அதன் பின்னர் ஆண்டுக்கு ஒரு தடவை. கண்ணாடி அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. இரத்தத்தில் சீனி ஏறி இறங்கும்போது கண்ணின் வில்லை நீரை ஏற்றும் இழக்கும். அதனால் அளவும் மாறும். சீனி கட்டுப்பாட்டுக்கு வந்து சில வாரங்கள் ஆன பிறகு அளவெடுத்தால்தான் அந்தக் கண்ணாடி நிலைக்கும்.

திருக்கடலூர் மீனவர்களிடமும் தம்பலகாமம் விவசாயிகளிடமும் சொல்ல ஒன்று இருக்கிறது. நீண்டகால வெயிலாலும் காற்றாலும் கண்ணின் வெள்ளையிலிருந்து கருவிழிமேல் சதை வளரும். அது கருவிழியை இழுத்துச் சிலிண்டர் அளவைக் கூட்டும். கடையில் அளவை மாற்றிக்கொண்டே போவதால் பயனில்லை. சதையை வைத்தியர் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளை முதல் தடவை கண் வைத்தியரிடமே கொண்டு போங்கள். அவர்களின் வில்லை வேகமாக இறுகுவதால், சொட்டு மருந்திட்டுத் தளர்த்தித்தான் உண்மையான அளவைக் காண முடியும். ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தால் பிள்ளைக்கே அது தெரியாது; ஏழெட்டு வயதுக்குள் கவனிக்காவிட்டால் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தப் பழகாமல் போகலாம். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் கண்ணைக் காட்டும்படி குறிப்பு வந்தால் அதைப் புத்தகப் பைக்குள் கிடக்க விடாதீர்கள்.

திடீரென மின்னல் கீற்றுகள், கூட்டமாகக் கரும்புள்ளிகள், திரை இறங்குவது போன்ற மறைப்பு, வலியோடு சிவந்த கண், சட்டெனப் பார்வை போவது ஆகியவற்றுக்குக் கடையும் வேண்டாம், சனலிங்கும் வேண்டாம். நேரே வைத்தியசாலை. கண்ணில் சுண்ணாம்போ அமிலமோ தெறித்தால் முதலில் ஓடும் சுத்த நீரில் நீண்ட நேரம் கழுவிவிட்டுப் புறப்படுங்கள்.

போகுமுன்

எங்கே போனாலும் பழைய கண்ணாடிகள் அனைத்தையும், உடைந்ததையும்கூட, கொண்டு போங்கள். கிளினிக் கொப்பியும் மருந்துகளும் வேண்டும். பாமசியில் நீங்களாக வாங்கிப் போடும் சொட்டு மருந்து இருந்தால் அதையும் காட்டுங்கள். ஸ்டெரொயிட் கலந்த சொட்டு கண் அழுத்தத்தைக் கூட்டும். கொன்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் எத்தனை நாள் முன்னர் கழற்ற வேண்டுமென்று கேட்டறியுங்கள். மென்மையான வகைக்குக் குறைந்தது ஒரு நாளாவது இடைவெளி நல்லது, கடினமான வகைக்கு அது போதாது. இரவுக் கடலுக்குப் போய்வந்த காலையிலோ இரவுப் பணி முடித்த கையோடோ அளவெடுக்கப் போகாதீர்கள்.

நீங்கள் கண்ணாடியோடு செய்யப்போகும் வேலையின் தூரத்தை அளவுநாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு; பலனோ மிகப் பெரிது. 40 சென்ரிமீற்றரில் வாசிக்க 2.50 அளவு தேவைப்படும் ஒருவருக்கு, 60 சென்ரிமீற்றரில் உள்ள கணினித் திரைக்கு ஏறத்தாழ 1.75 போதும். தையல்காரர், வலை முடிபவர், கணக்காளர் மூவருக்கும் ஒரே வாசிப்பு அளவைக் கொடுத்தால் இருவருக்காவது கழுத்து வலிக்கும்.

கண்மணியை விரிக்கும் சொட்டு இடுவார்கள் என்றால் மோட்டார் சைக்கிளில் போக வேண்டாம். வழமையான சொட்டுக்கு நான்கு முதல் ஆறு மணிநேரம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கடல் வெளிச்சத்தில் திரும்பிப் போகிறவர்கள் கறுப்புக் கண்ணாடியும் துணைக்கு ஒருவரும் கொண்டு வாருங்கள்.

புதுக் கண்ணாடி கையில் வந்ததும் கடையிலேயே வில்லையை இயந்திரத்தில் வைத்து அளவுத் துண்டோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். தரை சரிவது போலவோ படி ஏறும்போது தடுமாற்றமோ முதல் சில நாட்களில் இருக்கலாம். ஓரிரு வாரம் அணிந்தும் தலைவலி போகாவிட்டால், பழகிவிடும் என்று மேசை லாச்சிக்குள் வைத்துவிடாமல் அளவெடுத்தவரிடமே துண்டோடு திரும்பிப் போய் மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள்.