பேட்டரி இல்லாத கேமராவோடு நான்கு வருடம்: ஒலிம்பஸ் ட்ரிப் 35

நான் முதலில் வாங்கிய ஃபிலிம் கேமரா மூன்றாவது ரோலில் நின்றுபோனது. தொண்ணூறுகளில் வந்த ஒரு பிளாஸ்டிக் ஆட்டோஃபோகஸ் கேமரா. வந்த அன்று ஃபிளாஷ் அடித்தது, மோட்டார் சர்ரென்று ஃபிலிமை இழுத்தது, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அக்கா மகளின் காதுகுத்துக்கு அதை எடுத்துப்போனேன். பதினான்காவது படத்தோடு மோட்டார் நின்றது. குழந்தை அழுது முடித்து, மாமா மடியிலேயே தூங்கிப்போன நேரம். அந்தப் படம் என்னிடம் இல்லை.

திருவல்லிக்கேணியில் கேமரா ரிப்பேர் பார்க்கும் பாய் ஒருவரிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கி, இரண்டு முறை பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "போர்டு போயிருக்கும் தம்பி. இதுக்குப் பார்ட்ஸ் கெடையாது. நான் பிரிச்சா உங்க காசுதான் வீண்." சரி பாய், அப்போ எதைத்தான் வாங்குறது என்று கேட்டேன். "எங்க கெட்டிருக்குன்னு கண்ணுக்குத் தெரியுற கேமராவா பாருங்க" என்றார். இந்த நான்கு வருடத்தில் என்னிடம் யோசனை கேட்ட எல்லோருக்கும் நான் சொல்வது இதைத்தான்.

குறைந்த விலையில் பழைய காம்பாக்ட் தேடுகிறவர்கள் முதலில் போய் நிற்பது ஒலிம்பஸ் மியூ 2 மாதிரியான கேமராக்களிடம். 1997-இல் வந்தது, 35 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் ஓட்டை பெரிது), சட்டைப் பையில் அடங்கும். நல்ல கேமராதான், சந்தேகமில்லை. ஆனால் அதன் பெயர் பரவியதில் விலை எங்கோ போய்விட்டது. உள்ளே இருக்கும் மின்சுற்று எப்போது நிற்கும் என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. அதற்கு முந்தைய தலைமுறையில் கேனோநெட் க்யூஎல்17, யாஷிகா எலக்ட்ரோ 35 இருக்கின்றன. இரண்டிலுமே எஃப் 1.7 லென்ஸ், வெளிச்சம் குறைந்த இடத்தில் அவைதான் ராஜா. ஆனால் இரண்டுமே பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை; அந்த பேட்டரிகள் இப்போது வருவதில்லை. யாஷிகாவுக்கு அடாப்டர் வைத்து 6 வோல்ட் பேட்டரி போட்டால் ஓடும். செய்ய முடியாத வேலை இல்லை, ஆனாலும் மறுபடியும் ஒரு தொல்லை வேண்டாம் என்று தோன்றியது. அதோடு எலக்ட்ரோ கையில் செங்கல் மாதிரி இருக்கிறது.

அப்படித்தான் ட்ரிப் 35-க்கு வந்தேன். அறுபதுகளின் கடைசியில் வெளிவந்து 1984 வரை தயாரான கேமரா. லட்சக்கணக்கில் விற்றது. அதனால்தான் இன்றைக்கும் ஓரளவு நியாயமான விலைக்குக் கிடைக்கிறது. உதிரி பாகத்துக்கு இன்னொரு செத்த ட்ரிப்பும் கிடைக்கிறது. 40 மி.மீ. எஃப் 2.8 சூய்கோ லென்ஸ். ஷட்டர் வேகம் இரண்டே இரண்டு: நொடியில் நாற்பதில் ஒரு பங்கு, இருநூறில் ஒரு பங்கு. பேட்டரிக்கு இடமே கிடையாது.

லென்ஸைச் சுற்றித் தேன்கூடு மாதிரி ஒரு கண்ணாடி வளையம் இருக்கும். அதன் பின்னால் செலினியம் செல். வெளிச்சம் பட்டால் அதுவே கொஞ்சம் மின்சாரம் தரும், அந்த மின்சாரத்தில் உள்ளே ஒரு முள் அசையும். ஷட்டர் பட்டனை அழுத்தும்போது அந்த முள் எங்கே நிற்கிறதோ அங்கேயே பிடிபடும். முள் நின்ற இடத்தை வைத்து அப்பர்ச்சரும் (வெளிச்சம் புகும் ஓட்டையின் அளவு) ஷட்டர் வேகமும் முடிவாகிவிடும். வெளிச்சம் போதாவிட்டால் வியூஃபைண்டரில் சிவப்பாக ஒரு சின்னக் கொடி எழும்பும், ஷட்டர் பூட்டிக்கொள்ளும். ஃபிலிம் வீணாகாது. அத்தனையும் பல்சக்கரமும் ஸ்பிரிங்கும்தான்.

பாய் சொன்னதன் அர்த்தம், இதைக் கடையில் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஃபிலிம் இல்லாமலே முழுக்கச் சோதித்துவிடலாம். லென்ஸைச் சுற்றியிருக்கும் மோதிரத்தை 'ஏ'-யில் (ஆட்டோ) வைத்து, பின்னால் இருக்கும் பல்சக்கரத்தைக் கட்டை விரலால் சுற்றி, லென்ஸை உள்ளங்கையால் முழுக்க மூடிக்கொண்டு பட்டனை அழுத்த வேண்டும். சிவப்புக் கொடி வரவேண்டும், ஷட்டர் அடிக்கக்கூடாது. கையை எடுத்து வெயில் பக்கம் திருப்பி அழுத்தினால் 'டிக்' என்று அடிக்க வேண்டும். வெயிலிலும் கொடி எழுந்தால் செல் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மூடினாலும் கொடி வராவிட்டால் முள் எங்கோ சிக்கியிருக்கிறது. இரண்டும் சரியாக இருந்தால் அடுத்த சோதனை. ஏஎஸ்ஏ-வை, அதாவது ஃபிலிமின் வெளிச்ச உணர்திறன் எண்ணை, 25-இல் ஒருமுறை, 400-இல் ஒருமுறை வைத்து, அதே வெளிச்சத்தில் லென்ஸை முன்னாலிருந்து பார்த்தபடி அழுத்துங்கள். 25-இல் ஓட்டை பெரிதாகவும் 400-இல் சிறிதாகவும் தெரிய வேண்டும். இரண்டிலும் ஒரே அளவாகத் தெரிந்தால் அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய் இறங்கி ஒட்டியிருக்கிறது. இது சரிசெய்யக்கூடிய வேலைதான், ஆனால் விலையில் குறைத்துக் கேட்க வேண்டிய விஷயம்.

பிறகு மூடியைத் திறந்து, மொபைல் டார்ச்சை லென்ஸின் பின்னால் சாய்வாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பங்கஸ், அதாவது பூஞ்சை. கடலோரத்தில் வருஷக்கணக்காக பீரோவுக்குள் கிடந்த கேமராக்களில் இது சர்வசாதாரணம். ஓரத்தில் இரண்டு இழை என்றால் படத்தில் தெரியாது. நடுவில் படர்ந்திருந்தால் வேண்டாம். நான் பார்த்த நான்கு ட்ரிப்புகளில் ஒன்றில் செல் போயிருந்தது, இரண்டில் பங்கஸ். நான்காவதை 3,500 ரூபாய்க்கு வாங்கினேன்.

அதிலும் ஒரு வேலை இருந்தது. பின்மூடி பொருந்தும் பள்ளத்தில் வெளிச்சம் புகாமல் இருக்க ஸ்பாஞ்ச் வைத்திருப்பார்கள். ஐம்பது வருடத்தில் அது தார் மாதிரி ஆகிவிடுகிறது. தொட்டால் விரலில் கருப்பாக ஒட்டும், சோப்பு போட்டாலும் போகாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சைப் பல் குத்தும் குச்சியில் சுற்றிச் சுரண்டினேன். அரை நாள் பிடித்தது. புது ஸ்பாஞ்சுக்குப் பதிலாகப் பள்ளத்தில் கருப்புக் கம்பளி நூலை வைத்து அழுத்திவிட்டேன். பாய் சொன்ன வழிதான். நான்கு வருடமாக ஒரு படத்தில்கூட வெளிச்சக் கீற்று விழவில்லை.

இதுவரை நாற்பது ரோல் தாண்டியிருக்கும். அதில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் நம் ஊர் வெயிலைப் பற்றியது. 400 ஃபிலிம்தான் எல்லாவற்றுக்கும் ஏற்றது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அதையே போட்டேன். சென்னையின் உச்சி வெயிலில் 400 ஃபிலிமோடு போனால் ட்ரிப் தன் எல்லையில் போய் நிற்கிறது. இருநூறில் ஒரு பங்கு வேகம், எஃப் 22. அதற்குமேல் மூட வழியில்லை. படம் கெடாது, நெகட்டிவ் கொஞ்சம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும். ஆனால் வெள்ளை வேட்டியும் சுண்ணாம்புச் சுவரும் வெளிறிப்போகும். 200-க்கு மாறியபிறகு அதே வேட்டியில் மடிப்பு தெரிகிறது. கோடக் கோல்டு 200 தோல் நிறத்தை நன்றாகவே தருகிறது. கருப்பு வெள்ளைக்கு இல்ஃபோர்டு ஹெச்பி5 போடுவேன், அது 400. அதை மாலை நான்கு மணிக்கு மேல் எடுக்கும் ரோல் என்று ஒதுக்கிவிட்டேன். (கருப்பு வெள்ளை என்றால் எங்கள் வீட்டில் 'இந்து' ஃபிலிம்தான். ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்தது. அப்பாவின் ஆல்பம் பாதி அதில்தான் இருக்கிறது. நம் மலையில் செய்த ஃபிலிம் இன்று கடையில் இல்லை என்பது ஒவ்வொரு ரோல் வாங்கும்போதும் உறுத்துகிறது.)

ஃபோகஸ் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். லென்ஸ் வளையத்தில் நான்கு படம்: ஒரு ஆள், இரண்டு ஆள், மூன்று ஆள், மலை. அதாவது 1 மீட்டர், 1.5 மீட்டர், 3 மீட்டர், அதற்கு மேல் எல்லாம். வெயிலில் எஃப் 16, எஃப் 22 என்று ஓட்டை சிறியதாக இருப்பதால் மூன்று ஆளில் வைத்துவிட்டுத் தெருவில் நடக்கலாம், தவறாது. அறுபத்து மூவர் அன்று மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு ரோல் முழுக்க அப்படித்தான் எடுத்தேன், ஒன்றுகூட மங்கவில்லை. நிழலுக்கு வந்ததும்தான் சிரத்தை வேண்டும். ஒரு மீட்டர் என்பது எவ்வளவு என்று நம் உடம்புக்குத் தெரியாது. கையை நீட்டி, விரல் நுனிக்கு அப்பால் ஒரு சாண் கொஞ்சம் கூட்டி நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குள் இந்தக் கேமரா உதவாது, அதை மறைத்துச் சொல்லக்கூடாது. ஒற்றை ட்யூப் லைட் அறையில் 400 போட்டிருந்தாலும் சிவப்புக் கொடிதான். கல்யாண வீடு, மாலை வரவேற்பு என்று எடுக்க நினைப்பவர்கள் ஃபிளாஷ் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் எஃப் 1.7 கேமரா ஒன்றைப் பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் கொடி எனக்கு ஒன்றைப் பழக்கியது. ஊரில் ஆச்சியை உள்ளறைக் கட்டிலில் வைத்துப் படம் எடுக்கப் போனேன். கொடி எழுந்தது. ஜன்னலைத் திறந்தேன், மறுபடி கொடி. "என்னடா, முகத்துக்கு நேரா புடிச்சிக்கிட்டு நிக்கே" என்றாள். எழுப்பி வாசல் நடைக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். தெரு வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது, ஷட்டர் அடித்தது. ஆச்சி போன பிறகு சுவரில் மாட்டியது அந்தப் படத்தைத்தான். காதின் தண்டட்டித் துளை வரை தெளிவாக இருக்கிறது.

பின்னால் வெளிச்சம் இருக்கும்போது ஆள் முகம் கருத்துப்போகும், அதற்கும் வழி உண்டு. கேமராவைத் தரைப் பக்கம் சாய்த்து பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து ஆளை வைத்து மீதியை அழுத்தினால் போதும். முள் தரையின் வெளிச்சத்திலேயே நிற்கும். இன்னொரு வசதி, ஃபில்டர் மாட்டினால் அது செல்லையும் சேர்த்து மூடுவதால் கணக்கைக் கேமராவே பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது வருட மழைக்காலத்தில் என் கேமராவும் படுத்தது. அப்பர்ச்சர் தகடுகள் ஒட்டிக்கொண்டன, ஒரு ரோலில் பாதிக்கு மேல் வெளிறிப்போனது. தவறு என்னுடையது: தோல் உறையோடு அலமாரியில் வைத்து மூன்று மாதம் தொடவில்லை. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாய் முன்பக்கத்தைப் பிரித்துத் துடைத்து மாட்டினார், 800 ரூபாய். அதற்குப் பிறகு உறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைக்கிறேன். ஜெல்லின் நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் போடுவேன். உபயோகிக்காவிட்டாலும் வாரத்துக்கு ஒருமுறை நான்கைந்து தடவை ஷட்டரை அடித்துவிடுவேன்.

காசுக் கணக்கு பார்த்தால் கேமரா ஒரு பொருட்டே இல்லை. ஃபிலிம் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்து கைக்கு வர ஒரு ரோலுக்கு ஆயிரத்துக்கு மேல் போகிறது. நாலு ரோல் எடுத்தால் கேமரா வாங்கிய விலை வந்துவிடும். அதனால்தான் ஐந்நூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதே என்று சோதிக்காத கேமராவை வாங்கவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கெட்ட கேமரா தின்பது ரோலை, அதைவிட அந்த நாளை.

செலினியம் செல் சாகாவரம் பெற்றதல்ல. ஒவ்வொரு பொங்கலுக்கும் மொட்டை மாடியில் மொபைல் லைட் மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இந்த வருடம் செல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டுவதால் ஏஎஸ்ஏ மோதிரத்தை ஒரு கிளிக் மேலே தள்ளி வைத்து எடுக்கிறேன். முழுக்கப் போனாலும் 'ஏ'-யை விட்டு எஃப் எண்ணில் வைத்து, நாற்பதில் ஒரு பங்கு வேகத்தில் 100 ஃபிலிமோடு வெயிலில் எடுக்கலாம். பாயிடம் சொன்னேன். மேசை இழுப்பறையைத் திறந்து, லென்ஸ் உடைந்த ஒரு ட்ரிப்பை எடுத்துக் காட்டினார். அதன் செல்லை உள்ளங்கையால் மூடித் திறந்தார், முள் எழுந்து விழுந்தது. "இது உங்களுக்குத்தான். எடுத்து வச்சிருக்கேன்" என்றார்.