பழைய 100 பவுண்டு நோட்டுக்குப் பாலியெஸ்டர் உறை: வாங்கலாமா?

நேஷனல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, பிரிட்டிஷ் லினன் பேங்க் போன்ற மறைந்த வங்கிகளின் பழைய 20, 100 பவுண்டு நோட்டுகள் இன்றைய நோட்டுகளைவிட மிகப் பெரியவை. சாதாரண ஆல்பப் பக்கத்தில் அடங்காது. மடித்துத் திணித்தால் நடு மடிப்பு கிழியும். இவற்றுக்குப் பாலியெஸ்டர் என்ற பிளாஸ்டிக் தாளாலான உறையைத் தயங்காமல் வாங்கலாம்.

நோட்டை அளந்த பிறகே அளவைத் தேர்ந்தெடுங்கள். நான்கு பக்கமும் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி போதும். அதற்கு மேல் போனால் நோட்டு உள்ளே நகர்ந்து மூலை மழுங்கும். 50 மைக்ரான் தடிமன் பெரிய நோட்டுக்குத் தொளதொளவென்று இருக்கும். 100 மைக்ரான் நன்றாகத் தாங்கும். ஒரு நீளப் பக்கமும் ஒரு அகலப் பக்கமும் திறந்த எல் வடிவ உறையே நல்லது. விரித்து, நோட்டை வைத்து, மூடிவிடலாம். மூன்று பக்கம் ஒட்டியதில் தள்ளி நுழைக்க வேண்டும், அங்கேதான் பழைய கிழிசல் நீளும்.

இந்த உறையின் ஒரே பெரிய குறை நிலைமின்சாரம். நார் பிரிந்த ஓரத்தையும் உதிரும் மையையும் இழுக்கும். அப்படிப்பட்ட நோட்டுக்கு அமிலமற்ற காகித உறைதான் சரி.

பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம். அதை வளையச் செய்யச் சேர்க்கும் மென்மையாக்கி கசிந்து தாளில் பிசுபிசுக்கும், நாளடைவில் அமிலமும் வெளிவரும். உறை பிவிசியோ என்று சந்தேகமா? சூடேற்றிய செம்புக் கம்பியால் உறையின் துண்டைத் தொட்டு, காற்றோட்டமான இடத்தில் மீண்டும் தீயில் காட்டுங்கள். பச்சைச் சுடர் வந்தால் பிவிசியில் உள்ள குளோரின் இருக்கிறது, திருப்பி அனுப்புங்கள்.