முன்கைக் காயப் பயிற்சிக்குச் சந்தா கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவர்களுக்கென்று விற்கப்படும் ஓர் இணையவழிக் காணொளிப் பயிற்சிக்கு 12 மாதச் சந்தாவை ஒரே தவணையில் கட்டினேன். மொத்தமும் போயிற்று. பெயர் சொல்லப் போவதில்லை. முதல் பாடம் இலவசம், மற்றதெல்லாம் பணம் கட்டினால்தான் திறக்கும் என்ற வகைத் தளம் அது. பணம் மட்டும் போயிருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். அந்தப் பாடத்தை நம்பி ஒருவர் காயத்தைத் தைத்தால் நோயாளியின் விரலே போய்விடும்.

நம்ப வைத்தது அந்த இலவசப் பாடம்தான். அதில் ஒரு குறையும் இல்லை. மேற்கைத் தமனி முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே கட்டைவிரல் பக்கம் ரேடியல், சுண்டுவிரல் பக்கம் அல்நார் என்று இரண்டாகப் பிரிவது, அல்நார் உள்ளங்கையில் தோல் பக்கத்து மேல்வளைவாக முடிவது, ரேடியல் கட்டைவிரல் அடிக்குழி வழியாகப் புறங்கைக்குப் போய், திரும்ப உள்ளே நுழைந்து ஆழ்வளைவாக முடிவது, இரண்டு வளைவுகளும் ஒன்றோடொன்று இணைவது என எல்லாமே சரியாக, தெளிவாக இருந்தன. இவ்வளவு சுத்தமாகச் சொல்பவர்கள் காயத்தையும் அப்படித்தான் சொல்லித்தருவார்கள் என்று யாருக்கும் தோன்றும். 12 மாதச் சந்தா அந்த நம்பிக்கையில் போனது.

பணம் கட்டியபின் திறந்த முன்கைக் காயப் பாடத்தில் விதி இரண்டே இரண்டு. ‘ஒரு தமனி அறுந்தால் கட்டிவிடுங்கள், மற்றது கையைப் பார்த்துக்கொள்ளும்.’ ‘மணிக்கட்டில் நாடி கிடைத்தால் தமனிக்கு ஒன்றுமில்லை.’ அவ்வளவுதான். கட்டுவது என்றால் அறுந்த முனையை நூலால் முடிச்சிட்டு மூடிவிடுவது. எந்தக் கைக்கு இது பொருந்தாது என்று ஒரு வரிகூட இல்லை.

முதல் விதியை எடுத்துக்கொள்வோம். வளைவு முழுமையாக இருந்தால்தான் ஒரு தமனியின் வேலையை மற்றது ஏற்க முடியும். கோல்மன், ஆன்சன் என்ற உடற்கூறியல் ஆய்வாளர்கள் 650 கைகளைப் பார்த்து 1961-ல் வெளியிட்ட கணக்கில் மேல்வளைவு முழுமையாக இருந்தது 78.5 சதவீதத்தில்தான். மிச்சமுள்ள கைகள் பலவற்றில் அல்நார் தமனி சுண்டுவிரல் பக்கத்து விரல்களோடு நின்றுவிடும்; கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ரேடியலை நம்பி இருக்கும். ஆழ்வளைவு பெரும்பாலும் முழுமையாக இருப்பதால்தான் பல கைகள் தப்பிக்கின்றன. ஆனால் அந்த இணைப்பு மெல்லியதாக இருக்கும் கையில் ரேடியலைக் கட்டினால் மற்ற விரல்கள் சிவந்திருக்கும், கட்டைவிரல் மட்டும் வெளுக்கும். மொத்தக் கையையும் ஒரு பார்வை பார்ப்பவருக்கு இது தெரியாது. விரல் விரலாகப் பார்க்க வேண்டும்.

ஒரு தமனியைக் கட்டுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. கை நன்றாக ரத்தம் பெறுகிறது என்று உறுதியானபின் கட்டுவது ஏற்கப்பட்ட வழிதான். அந்த உறுதியைப் பெறும் படிகளைத்தான் பாடம் விழுங்கிவிட்டது. அறுந்த முனைகளை நசுக்காத மெல்லிய கவ்வியால் தற்காலிகமாகப் பிடிக்க வேண்டும். டூர்னிகேயை (ரத்தத்தை நிறுத்தக் கையைச் சுற்றி இறுக்கும் பட்டையை) தளர்த்திச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். ஒவ்வொரு விரல் நுனியையும் அழுத்தி விட்டால் சுமார் 2 விநாடிக்குள் நிறம் திரும்புகிறதா, ரத்த ஓட்டத்தை ஓசையாகக் காட்டும் டாப்ளர் கருவியில் ஒவ்வொரு விரலிலும் ஓசை கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கைப்பக்கத்து முனையின் கவ்வியைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். அங்கிருந்து ரத்தம் துடித்துத் துடித்து வந்தால் மறுபக்க வழி நன்றாக இருக்கிறது. கசிந்தால் சந்தேகப்பட்டு, இணைத்துத் தைக்க வழி தேட வேண்டும். கட்டுவதென்றாலும் இரண்டு முனைகளையும் கட்ட வேண்டும். வளைவு வழியாகத் திரும்பி வரும் ரத்தம் கீழ் முனையிலிருந்தும் பீறிடும். பாடத்தின் படத்தில் கட்டியிருப்பது மேல் முனையை மட்டும்!

இரண்டாவது விதி இன்னும் ஆபத்து. ரேடியல் முன்கையின் நடுவில் முழுதாக அறுந்திருந்தாலும் மணிக்கட்டில் நாடி துடிக்கலாம். அல்நாரிலிருந்து வளைவைச் சுற்றி, தலைகீழாக வரும் துடிப்பு அது. கண்டுபிடிப்பது சுலபம்: ரேடியல் நாடியில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, மறு கையால் மணிக்கட்டில் அல்நாரை அழுத்துங்கள். நாடி நின்றால் அது கடன் வாங்கிய நாடி, மேலே தமனி போய்விட்டது. இந்த ஒரு சோதனையைச் சொல்ல அரை நிமிடம் போதும். 12 மாதச் சந்தா வாங்கிய பாடத்தில் அந்த அரை நிமிடம் இல்லை.

கைக்கு ரத்தம் வரும் வழியைப் பார்க்க ஆலன் 1929-ல் விவரித்த சோதனையின் பிற்கால மாற்றிய வடிவத்தையும் அரைகுறையாகத்தான் காட்டுகிறார்கள். கையை உயர்த்தி முஷ்டியை இறுக்கி, இரு தமனிகளையும் அழுத்தி, கையைத் திறந்து, ஒன்றை மட்டும் விட வேண்டும். நிறம் 5 முதல் 7 விநாடிக்குள் திரும்பினால் சரி, 15 விநாடி தாண்டினால் கவலைப்பட வேண்டும். திறக்கும்போது விரல்களை முழு மூச்சாக விறைத்து நீட்டினால் நல்ல கையும் வெளுப்பாகத் தெரியும். காணொளியில் இருப்பவர் அப்படித்தான் நீட்டுகிறார். தசைநாண் அறுந்தவர், வலியில் துடிப்பவர் முஷ்டி பிடிக்கவே முடியாது. அவர்களுக்குக் கட்டைவிரலில் ஆக்சிமீட்டர் மாட்டி, காயப்பட்ட தமனியை அழுத்தி, திரையில் ஓடும் துடிப்பின் அலைவடிவத்தைப் பாருங்கள். அலை தட்டையாகி 2 நிமிடத்திலும் திரும்பாவிட்டால் மறுபக்கத்தை நம்பக் கூடாது. திரையில் தெரியும் எண்ணை மட்டும் பார்ப்பது போதாது, அலையே முக்கியம். ரத்த ஓட்டம் குன்றிய அதிர்ச்சி நிலையிலும் (ஷாக்) குளிர்ந்த கையிலும் இந்த அலையும் ஏமாற்றும்.

மூன்றாவது தமனி பற்றிப் பேச்சே இல்லை. கருவில் கைக்கு ரத்தம் கொண்டுபோகும் மீடியன் தமனி வழக்கமாகச் சுருங்கிவிடும், சிலருக்கு அப்படியே தங்கிவிடும். 2020-ல் வெளியான ஓர் ஆய்வில் 78 கைகளில் 26-ல் அது இருந்தது. அது மீடியன் நரம்போடு மணிக்கட்டுச் சுரங்கத்துக்குள் (நரம்பும் தசைநாண்களும் கைக்குள் போகும் குறுகிய வழிக்குள்) ஓடுகிறது. மணிக்கட்டின் நடுவில் வெட்டு விழுந்து ரத்தம் பீறிடும்போது அங்கே தமனியே கிடையாது என்று நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு கவ்வியை விட்டால் நரம்பும் சேர்ந்து நசுங்கும். அல்நாரும் தன் நரம்பை ஒட்டியே ஓடுகிறது. அங்கேயும் அதே ஆபத்து. சிலருக்கு அல்நார் தசைகளுக்கு அடியில் போகாமல் தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடும். கண்ணாடிக் கீறல் போன்ற சின்னக் காயம்கூட அதை அறுத்துவிடும். அதைச் சிரை என்று எண்ணி மருந்து ஏற்றினால் விரல்கள் கருகும்.

இதையெல்லாம் எழுதிக் கேட்டேன். முதலில் நன்றி சொல்லி ஒரு தானியங்கிப் பதில். அடுத்து, ‘பாடம் தயாரித்தவர் அனுபவசாலி.’ பிறகு, ‘இது அடிப்படைத் தொகுப்பு, மாறுபாடுகள் உயர்நிலைத் தொகுப்பில் வருகின்றன, அதற்குத் தனிக் கட்டணம்.’ விரல் பிழைக்குமா என்பதை உயர்நிலையில் ஒளித்து விற்கிறார்கள்! பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, காணொளியைத் திறந்துவிட்டதால் தர இயலாது என்றார்கள். திறக்காமல் தவறு எப்படித் தெரியும் என்று கேட்டேன். என் புகாரின் மேல் ‘தீர்க்கப்பட்டது’ என்று போட்டு மூடிவிட்டார்கள். 12 மாதச் சந்தா அங்கேயே நிற்கிறது, அந்தக் காணொளியும் மாறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏமாறாமல் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. இலவசப் பாடத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். பணம் கட்டுமுன் மாறுபாடுகள் எந்தத் தொகுப்பில் என்று எழுத்தில் கேளுங்கள். ஆண்டுச் சந்தா வேண்டாம், மாதமாகக் கட்டுங்கள். அந்தப் பாடத்தை ஏற்கெனவே பார்த்தவர்கள், நாடி இருந்தால் போதும் என்பதை மறந்துவிடுங்கள். நாடி இருக்கும்போதே முன்கைத் தசைக்குள் அழுத்தம் ஏறலாம். விரலை மெல்ல நீட்டிவிடும்போது வலியில் அலறினால் உடனே அறுவை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ரத்தமில்லாத தசை 6 மணி நேரத்துக்கு மேல் தாங்குவது கடினம், டூர்னிகே போட்டால் நேரத்தை எழுதிவையுங்கள். மணிக்கட்டில் பழைய தழும்பு உள்ளவருக்கு ரேடியலில் ஊசி போடுமுன்னோ, இதய அறுவையில் மாற்றுக் குழாயாக வைக்க ரேடியலை எடுக்குமுன்னோ, அல்நார் ஓடுகிறதா என்று டாப்ளரில் பாருங்கள். அன்று தைத்தவர் அல்நாரைக் கட்டிவிட்டிருக்கலாம்.