அடங்காத பசியை யாரிடம் கேட்பது: நோயாளியிடமா, கூட இருப்பவரிடமா?

பிராடர்-வில்லி, பார்டெட்-பீடில் மாதிரியான அரிய மரபணுக் கோளாறுகளில் வரும் பசி, வயிறு நிறைந்தாலும் அடங்குவதில்லை. சர்க்கரையைப் போல ரத்தம் எடுத்து அதைச் சொல்லிவிட முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெரியவர்களுக்குப் புழக்கத்தில் உள்ள வழிகளில் முக்கியமானவை இரண்டு.

ஒன்று, 0 முதல் 10 வரையிலான பசி எண். கடந்த 24 மணி நேரத்தில் உச்சமாக எவ்வளவு பசித்தது என்று நோயாளியே தினமும் சொல்கிறார். செட்மெலனோடைடு என்ற பசி குறைக்கும் மருந்தின் ஆய்வுகளில் இதைத்தான் பயன்படுத்தினார்கள். மூளைக்குப் போகும் ‘போதும்’ என்ற சமிக்ஞை மரபணுக் கோளாறால் கெடும் பிஓஎம்சி, லெப்டின் ஏற்பிக் குறைபாடுகளுக்கு அந்த மருந்தை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-இல் அனுமதித்தது, பார்டெட்-பீடிலுக்கு 2022-இல். அரை நிமிட வேலை, தனியாக வாழ்பவருக்கும் ஒத்துவரும். ஆனால் சிறு வயதிலிருந்தே பசியோடே இருப்பவருக்கு 0 எப்படி இருக்கும் என்று யார் சொல்வது? அவர் போடும் 6 நமக்குத் தாங்க முடியாத பசியாக இருக்கலாம். எனவே இரண்டு பேரின் எண்களை ஒப்பிடுவது வீண். அவரவர் பழைய எண்ணோடுதான் பார்க்க வேண்டும். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கோ இது சரிப்படாது.

மற்றது ஹெச்க்யூ-சிடி என்ற கேள்வித்தாள். அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் டைக்கன்ஸின் குழு 2007-இல் வெளியிட்ட கேள்வித்தாளிலிருந்து மருந்து ஆய்வுகளுக்காகச் செதுக்கியது. கவனித்துக்கொள்பவர் கடந்த இரண்டு வாரத்தை நினைத்து ஒன்பது கேள்விகளுக்குப் பதில் சொல்வார்: உணவுக்காகக் குப்பையைக் கிளறினாரா, ராத்திரி எழுந்து தேடினாரா, ஒளித்து எடுத்தாரா, இல்லை என்றபோது எவ்வளவு கலங்கினார்? மொத்தம் 36 மதிப்பெண். பிராடர்-வில்லிப் பசிக்கு 2025 மார்ச்சில் அனுமதி பெற்ற டயசாக்சைடு கோலின் என்ற மருந்து இந்த அளவுகோலில்தான் சோதிக்கப்பட்டது.

இதன் ஓட்டை பூட்டு. பிராடர்-வில்லி உள்ள வீடுகளிலும் பராமரிப்பு இல்லங்களிலும் ஃப்ரிட்ஜ், அலமாரி, சில இடங்களில் சமையலறைக் கதவே பூட்டியிருக்கும். எடுக்க வழியில்லாதவர் எடுக்கவில்லை. மதிப்பெண் இறங்குகிறது, பசி அப்படியே இருக்கிறது. மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் பூட்டு இருந்ததா, பதில் சொன்னவர் போன முறை சொன்ன அதே ஆள்தானா என்று எழுதாத தாளை நான் நம்பமாட்டேன். வேலைக்குப் போய்த் தனியாக வாழும் பார்டெட்-பீடில்காரருக்கோ கவனிக்க ஆளே இல்லை.

ஆய்வகத்தில் இஷ்டம்போலச் சாப்பிடவிட்டு அளப்பதும் உண்டு. ஒரு வேளைக் கணக்கு, அவ்வளவே.

பிராடர்-வில்லி என்றால் என் தேர்வு ஹெச்க்யூ-சிடி, பூட்டுக் குறிப்போடு. தானே சொல்லத் தெரிந்தவருக்குப் பசி எண். இரண்டையும் வாங்கினால் சராசரி போடாதீர்கள். எண் 9, நடத்தையோ அமைதி என்றால் அவர் நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறாரோ என்று பார்க்க வேண்டும். சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் அடுத்த சாப்பாட்டு நினைப்பு வருகிறது, அதை ஒதுக்கிவிட்டு வேலை பார்க்க முடிகிறதா என்று அவரிடமே கேளுங்கள்.