விண்டோஸ் 11: ஃபோல்டர்களோடு குடித்தனம் நடத்துபவளின் அனுபவம்

சிவகாசியில் டிடிபி வேலை எனக்கு. கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ், ஆடி பிறந்தால் காலண்டர். நாளில் பாதி டிசைன் போடும் கோரல்டிராவில் போகிறது என்றால், மீதி ஃபோல்டர்களைத் திறந்து மூடுவதிலேயே போய்விடுகிறது. அதனால் புது விண்டோஸில் நான் முதலில் பார்த்தது ஃபைல் எக்ஸ்புளோரரைத்தான்.

என் பழைய சிஸ்டம் ஆறாம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது; 11-க்கோ அந்த ப்ராசஸர் பட்டியலிலேயே இல்லை. சரி என்று செகண்ட் ஹேண்டில் பத்தாம் தலைமுறை மெஷின் ஒன்றை எடுத்து, டி டிரைவை அப்படியே அதற்கு மாற்றினேன்.

முதல் நாள் திணறடித்தது ரைட் கிளிக். கட், காப்பி, ரீநேம், டெலிட் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக இல்லாமல், சின்னச் சின்னப் படங்களாக ஒரே வரியில் நிற்கின்றன. அந்த வரியும் ஓரிடத்தில் இருப்பதில்லை. ஸ்கிரீனின் கீழ்ப்பக்கம் கிளிக் செய்தால், மெனுவின் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பழைய மெனு வேண்டுமானால் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்று இன்னொரு கிளிக். ஒரு கிளிக்தானே என்பவர்கள் வைகாசி முகூர்த்த நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பழைய மெனு நேராக வரும் என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அன்றிலிருந்து என் இடது சுண்டுவிரல் ஷிஃப்டிலேயே குடியிருக்கிறது.

அடுத்து, ஃபைலின் வால். எக்ஸ்டென்ஷனை மறைத்துவைக்கும் பழைய வழக்கம் இதிலும் தொடர்கிறது. ஒரே பத்திரிகைக்கு சிடிஆர் (கோரல்டிரா ஃபைல்), பிடிஎஃப், ஜேபெக் மூன்றையும் ஒரே பெயரில் சேமிப்பது என் வழக்கம். அச்சுக்கு பிளேட் போட பிடிஎஃப் அனுப்ப வேண்டிய இடத்தில், வாட்ஸ்அப் புரூஃபுக்கு வைத்திருந்த ஜேபெக்கை அனுப்பிவிட்டேன். என் அவசரம்தான். "என்னக்கா, எழுத்தெல்லாம் புகையா தெரியுதே" என்று பிளேட் போடும் தம்பி போன் செய்ததால் தப்பித்தேன். வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்: புது மெஷினில் முதல் வேலையாக இதை டிக் செய்துவிடுங்கள். அதே வியூ மெனுவில் 'காம்பாக்ட் வியூ' இருக்கிறது. அதைப் போட்டபின்தான் வரிகளுக்கு நடுவே இருந்த வெட்டி இடைவெளி குறைந்து, என் சின்ன மானிட்டரில் பத்துப் பன்னிரண்டு ஃபைல் கூடுதலாகத் தெரிகிறது.

எக்ஸ்புளோரர் திறந்ததும் 'ஹோம்' என்று சமீபத்திய ஃபைல்களைக் கடை விரிக்கிறது. பக்கத்தில் கஸ்டமர் இருக்கும்போது அடுத்தவர் வீட்டுப் பத்திரிகை எதற்குத் தெரிய வேண்டும்? ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் போய் 'திஸ் பிசி' என்று மாற்றிவிட்டேன். தேடல் டி டிரைவில் ஆமை வேகம். செட்டிங்ஸில், மெஷின் முழுவதையும் தேடலுக்காகப் பட்டியல் போடும் 'என்ஹான்ஸ்டு' தேர்ந்தெடுத்து, ஒரு ராத்திரி முழுக்க மெஷினை ஓடவிட்ட பிறகு பரவாயில்லை. போட்டோக்களைக் காட்டும் 'கேலரி'யை நான் தொடுவதே இல்லை.

இவ்வளவு குறை சொன்னாலும் நான் 10-க்குத் திரும்ப மாட்டேன். காரணம் டேப்: ஒரே விண்டோவுக்குள் பல ஃபோல்டர்களைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். 2022 அப்டேட்டில் வந்த வசதி இது. "போன வருஷம் எங்க பெரியப்பா வீட்டுக்குப் போட்டீங்களே, அதே மாடல்" என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால், முன்பெல்லாம் நாலு விண்டோவைத் திறந்து, எது எதன் பின்னால் இருக்கிறது என்று துழாவுவேன். இப்போது கன்ட்ரோல்-டி (ஆங்கில T). அல்லது ஃபோல்டர்மேல் மவுஸ் வீலை ஓர் அழுத்து. அது தனி டேபில் திறந்துகொள்ளும். பெரியப்பா ஃபோல்டர் ஒரு டேப், சாமி படங்கள் ஒரு டேப், புது ஃபோல்டர் ஒரு டேப். படத்தை இழுத்து அடுத்த டேபின்மேல் கொஞ்சம் நிறுத்தினால் அது திறக்கிறது, உள்ளே போட வேண்டியதுதான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரே டிரைவுக்குள் இழுத்துப் போட்டால் காப்பி ஆகாது, இடம் மாறிவிடும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டுதான் போட வேண்டும். காலங்காலமாக இருக்கும் விதிதான். ஆனால் டேப் வந்த குஷியில் நான் மறந்துபோய், எல்லாப் பத்திரிகைக்கும் வைக்கும் பிள்ளையாரை ஒரு காதுகுத்து ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டேன். அடுத்த கஸ்டமர் வந்து உட்கார்ந்த பிறகுதான் சாமி படங்களில் அவரைக் காணோம் என்று தெரிந்தது. கன்ட்ரோல்-இசட் அடித்தேன், பழைய இடத்துக்கே வந்துவிட்டார்.