ஆராதனை ஒழுங்கா, திறந்த கூட்டமா?

பிரசங்கம் கேட்டுவிட்டு வீடு திரும்புவது மட்டுமே சபையா என்று கேட்பவர்கள், தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) ஞாயிறு ஆராதனையையும், சம்பள ஆயர் இல்லாமல் சகோதரர்களே நடத்தும் பிரதரன் சபைகள் இயேசுவின் நினைவாக அப்பம் பிட்கும் கூட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

யார் பேசுவது?
திருச்சபை: பெரும்பாலும் ஆயர் (போதகர்). பதிலுரைகள் எல்லோருக்கும், வேதபாடம் வாசிக்கச் சபையாருக்கும் முறை வரும்.
பிரதரன்: எந்தச் சகோதரரும் எழுந்து பாட்டுச் சொல்லலாம், ஜெபிக்கலாம், வசனத்தை விளக்கலாம். ஆதாரம், கூடிவரும்போது ஒவ்வொருவரும் பகிர ஏதாவது கொண்டுவருவதைச் சொல்லும் 1 கொரிந்தியர் 14:26. அதே அதிகாரத்தின் 34ஆம் வசனத்தைக் காட்டிப் பல இடங்களில் பெண்களைப் பேசவிடுவதில்லை. பாதிச் சபை வாய் மூடியிருக்க, அது என்ன திறந்த கூட்டம்? திருச்சபையிலோ 2013இல் புஷ்பா லலிதா என்ற பெண் பேராயராகவே (பிஷப்) ஆனார்.

செலவு?
திருச்சபை: ஆயர் சம்பளம், கட்டடப் பராமரிப்பு, காணிக்கைக் கவர்.
பிரதரன்: ஒரு கூடம் போதும்.

புதியவருக்கு?
திருச்சபை: அச்சிட்ட ஒழுங்கு கையில் இருக்கும்.
பிரதரன்: நீண்ட மௌனம், சில நாள் அதைவிட நீளமாக ஒரே மூப்பரின் பேச்சு.

வேதம் படித்துப் பகிரத் துடிக்கும் ஆண்களுக்குப் பிரதரன் கூட்டம் பொருந்தும். பெண்களுக்கும் கூச்ச சுபாவிகளுக்கும் திருச்சபையே மேல். பேசும் ஆசைக்கு அங்கேயே வீட்டு ஜெபக்கூட்டத்தில் சேரலாம்.