ஆர்டர் இல்லாத நேரத்துக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? வெளிச்சாப்பாட்டை வீட்டுக்குப் பெறும் நான்கு வழிகள்

சென்னையில் இரவு எட்டு மணிக்கு உணவகச் சாப்பாட்டை வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றால் இன்று நான்கு வழிகள் உண்டு. ஸ்விகி, சொமேட்டோ ஆகிய பெரிய செயலிகளில் ஒன்றில் ஆர்டர் போடலாம். உணவகத்துக்கே தொலைபேசியில் சொல்லி, அவர்களுடைய ஆள் மூலம் வரவழைக்கலாம். உணவகத்திடம் பெரிய கமிஷன் வாங்காத சிறிய செயலிகளையோ ஓ.என்.டி.சி. என்ற திறந்த இணைய வணிக வலையமைப்பையோ நாடலாம். அல்லது நாமே போய் பார்சல் கட்டிக்கொண்டு வரலாம். விலையையும் வேகத்தையும் தள்ளுபடியையும் வைத்து இவற்றை ஒப்பிடுபவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். உணவைச் சுமந்து வருபவரை எந்த வழி நியாயமாக நடத்துகிறது என்பதே இங்கே அளவுகோல். இதற்குள் பல கேள்விகள் அடங்கியிருந்தாலும் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பதாக எனக்குப் படுவது ஒரே கேள்விதான்: ஆர்டர் இல்லாமல் ஒருவர் சாலையோரத்தில் நிற்கும் நேரத்துக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்?

உணவு விநியோகத் தொழிலில் வேலை நாள் முழுவதும் சீராக வருவதில்லை. மதியம் இரண்டு, மூன்று மணி நேரமும் இரவில் மூன்று மணி நேரமும் ஆர்டர்கள் குவியும். மற்ற நேரத்தில் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டுக் கைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பெரிய செயலிகள் அடிப்படையில் ஆர்டர் கணக்கில் பணம் தருகின்றன. தூரத்துக்கும் நெரிசல் நேரத்துக்கும் மழைக்கும் கூடுதல் தொகை சேரும், குறிப்பிட்ட எண்ணிக்கையை எட்டினால் இன்சென்டிவ் கிடைக்கும். வெறுமனே காத்திருக்கும் நேரத்துக்கு நிறுவனம் தனியாக எதுவும் தருவதில்லை என்பதால், தேவைக்கு மேல் எத்தனை பேர் லாகின் செய்து நின்றாலும் அதற்கு நட்டமில்லை. உண்மையில் அது லாபம்தான், ஏனெனில் அதிகம் பேர் சும்மா நிற்கும் தெருவில்தான் ஆர்டர் விழுந்த மறுநிமிடமே ஒருவர் கிளம்ப முடியும். முப்பது நிமிடத்தில் நம் வாசலுக்கு வரும் உணவின் வேகம் இப்படித்தான் உருவாகிறது: அதை ஈடுகட்டுவது கூலியில்லாமல் காத்திருக்கும் பலருடைய பொழுது.

உணவகமே ஆள் வைத்து அனுப்பும்போது கணக்கு தலைகீழாகிறது. அந்த ஆளுக்கு மாதச் சம்பளம். அவர் சும்மா இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் முதலாளியின் செலவு. ஆகவே முதலாளி இரண்டு பேருக்கு மேல் வைக்கமாட்டார், அவர்களையும் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பமாட்டார், இரவு ஒன்பது மணிக்கு நாம் அழைத்தால் 'ஒரு மணி நேரம் ஆகும் சார்' என்பார். அந்தத் தாமதத்தைச் சேவைக் குறைபாடு என்று எண்ணியே நம்மில் பலர் செயலிக்கு மாறினோம். காத்திருக்கும் பொழுதுக்கு அங்கே ஒருவர் பணம் கொடுக்கிறார் என்பதன் அடையாளமாகவும் அதைப் பார்க்கலாம்.

வருமானத்தைப் பார்ப்போம். சொமேட்டோவின் நிறுவனர் தீபிந்தர் கோயல் 2026 ஜனவரித் தொடக்கத்தில் வெளியிட்ட கணக்கின்படி, 2025இல் அந்தச் செயலியில் ஒரு டெலிவரி ஊழியரின் சராசரி வருமானம், டிப்ஸ் நீங்கலாக, மணிக்கு 102 ரூபாய். நாளுக்கு 10 மணி நேரமும் மாதத்துக்கு 26 நாட்களும் உழைப்பவருக்கு ஏறத்தாழ 26,500 ரூபாய் வரும், எரிபொருளும் வண்டிப் பராமரிப்பும் போக 21,000 ரூபாய் நிற்கும் என்று அவரே கூட்டிக் காட்டினார். நிறுவனம் தானே வெளியிட்ட சராசரி என்பதை மறக்காமல் இதைப் படிக்க வேண்டும். நகரம், பகுதி, நேரம் ஆகியவற்றைப் பொறுத்து ஒருவர் கையில் வருவது மேலும் கீழுமாகவே இருக்கும். இருந்தாலும் இதை அப்படியே ஏற்றுக்கொண்டால், சிறு உணவகம் ஒன்று தன் டெலிவரி ஆளுக்குத் தரும் சம்பளம் பல இடங்களில் இதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கைக்கு வரும் தொகையை மட்டும் பார்த்தால் செயலி தோற்பதில்லை.

தோற்கும் இடம் வேறு. அந்தத் தொகை நாளை எவ்வளவு என்பது ஊழியருக்குத் தெரியாது. 2020 ஆகஸ்ட்டில், ஊரடங்கின் நடுவே, சென்னையில் ஸ்விகி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்குக் காரணம் ஓர் ஆர்டருக்கான அடிப்படைத் தொகை 35 ரூபாயிலிருந்து 15 ரூபாயாகக் குறைந்தது என்ற குறைதான். உணவக முதலாளியும் சம்பளத்தைக் குறைக்கலாம்; ஆனால் அதற்கு அவர் ஆளைக் கூப்பிட்டு முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், பதிலும் கேட்க வேண்டும். செயலியில் கட்டண அட்டை ஒரு காலையில் மாறியிருக்கும். வாடிக்கையாளர் புகாரிலோ குறைந்த மதிப்பெண்ணிலோ ஐடி பிளாக் ஆனால், யாரிடம் போய் விளக்கம் சொல்வது என்பதே பெரும்பாடு.

சட்டப் பாதுகாப்பில் இந்த இரண்டு வழிகளுக்கும் உள்ள தூரம் இன்னும் பெரியது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் உணவகத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுபவர் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்புக்கு உரியவர். வேலையின்போது விபத்து நேர்ந்தால் இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளியுடையது என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வரும் கொள்கை. செயலி ஊழியருக்கும் நிறுவனம் விபத்துக் காப்பீடு எடுத்துத் தருகிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது நிறுவனம் வகுத்த நிபந்தனைகளுக்கு உட்பட்ட சலுகை, தொழிலாளி என்ற உரிமையில் வருவதன்று.

இவ்வளவு சொன்ன பிறகு உணவகத்தின் சொந்த ஆள் முறையே நல்லது என்று முடித்துவிட முடிந்தால் எளிதாக இருந்திருக்கும். நடைமுறை அப்படியில்லை. இ.எஸ்.ஐ. பதிவே இல்லாத உணவகங்கள் ஏராளம். டெலிவரிக்கு வந்தவரையே ஓய்வு நேரத்தில் வெங்காயம் உரிக்கவும் மேசை துடைக்கவும் வைப்பது வழக்கம். காலை பதினொரு மணிக்குத் தொடங்கும் வேலை இரவு கடை கழுவி முடியும் வரை நீளும். முன்பணம் வாங்கியவர் அதை அடைக்கும் வரை வேறு கடைக்குப் போக முடியாது. இவர்களோடு பேசிப் பார்த்தால், அதே உணவகத்தை விட்டுச் செயலிக்குப் போனவர்கள் பலரும் சொல்லும் காரணம் 'யாரும் திட்டுவதில்லை, வேண்டாமென்றால் ஆஃப் பண்ணிவிட்டு வீட்டுக்குப் போகலாம்' என்பதுதான். பகலில் கல்லூரிக்குப் போகும் மாணவருக்கும், வேறு வேலை பார்த்துக்கொண்டு மாலையில் மட்டும் வண்டியெடுப்பவருக்கும், ஊரில் விதைப்புக்கும் அறுப்புக்கும் இடையே நகரத்துக்கு வருபவருக்கும் இந்தச் சுதந்திரம் விளம்பர வாசகம் இல்லை, உண்மையான தேவை. ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிளக்கிறது: முழுநேரமும் இதையே நம்பி வாழ்பவருக்கு, சட்டத்தை மதிக்கும் உணவகத்தின் சம்பள வேலை மேல்; பகுதிநேரக்காரருக்குச் செயலி மேல். தெருமுனை உணவகம் எந்த வகை என்பதை நாலு முறை பார்சல் வாங்கப் போகும் வாடிக்கையாளர் கண்டுகொள்ள முடியும் என்பது இந்த வழியின் தனிப் பலம். செயலியின் உள்ளே எட்டிப் பார்க்க நமக்கு அப்படி ஒரு வாசல் இல்லை.

இந்த விவாதத்தில் அநேகமாக யாரும் பேசாத இன்னொருவர் அடுப்படியில் நிற்பவர். உணவகங்கள் பெரிய செயலிகளுக்குத் தரும் கமிஷன் பொதுவாக இருபதிலிருந்து முப்பது சதவீதம் வரை என்கிறார்கள் உரிமையாளர்கள். விளம்பரத்துக்கும் தள்ளுபடிக்கும் கொடுப்பது தனி. 2022 ஏப்ரலில் இந்தியப் போட்டி ஆணையம் இரு நிறுவனங்களின் நடைமுறைகளையும் விசாரிக்க உத்தரவிட்டதே உணவகச் சங்கத்தின் புகாரின் பேரில்தான். முப்பது சதவீதம் கொடுத்துவிட்டு மீதியில் கடை நடத்துபவர் கடைசியில் எதைக் குறைப்பார் என்பதை ஊகிப்பது கடினமில்லை: ஒன்று அளவு, அல்லது மாஸ்டருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் தரும் சம்பளம்.

மூன்றாவது வழி இந்தப் புள்ளியில்தான் தன்னை முன்வைக்கிறது. 2025 ஜூலையில் நாமக்கல் உணவக உரிமையாளர்கள் கமிஷனையும் மறைமுகக் கட்டணங்களையும் எதிர்த்து இரு பெரிய செயலிகளையும் புறக்கணித்தபோது, சிதம்பரத்தில் தொடங்கிய சாரோஸ் என்ற செயலியின் பெயர் அதிகம் அடிபட்டது. உணவகத்திடம் கமிஷனுக்குப் பதிலாகச் சந்தா வாங்குவது அதன் முறை. மத்திய அரசின் முன்முயற்சியில் உருவான ஓ.என்.டி.சி.யும் கமிஷனைக் குறைப்பதையே நோக்கமாகக் கொண்டது. உணவகத்துக்கு இவை நல்லவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நம் கேள்வி சுமப்பவரைப் பற்றியது. ஓ.என்.டி.சி.யில் ஆர்டர் ஒரு நிறுவனத்திடமும் டெலிவரி வேறொரு தளவாட நிறுவனத்திடமும் இருக்கும். அங்கேயும் வண்டியோட்டிக்கு ஆர்டர் கணக்கில்தான் பணம். காத்திருப்பு இப்போதும் அவர் தலையில்தான், கூடவே புகார் சொல்லப் போனால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டும் வசதியும் சேர்ந்துவிடுகிறது.

நாமே போய் வாங்கிவரும் நான்காவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யாரையும் சுரண்டாத வழி அது; கைக்குழந்தையோடு இருக்கும் தாய்க்கும், முழங்கால் வலியோடு மூன்றாவது மாடியில் தனியாக வாழும் முதியவருக்கும், இரவுப் பணி முடித்து வந்த செவிலியருக்கும் பயன்படாத வழியும் கூட.

ஆனால் இந்த வழியைப் புறக்கணிப்பாக மாற்றி, 'மனசாட்சி உள்ளவர்கள் செயலியையே நீக்க வேண்டும்' என்று சொல்பவர்களுடன் நான் உடன்படவில்லை. ஆர்டர் குறைந்தால் காத்திருப்பு கூடும், கூலி குறையும்; அதைத் தாங்கப்போவது அதே ஊழியர். 2025 டிசம்பர் 31 அன்று தொழிற்சங்கங்கள் நாடு முழுவதும் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தபோது ஊழியர்களைத்தான் லாக் அவுட் செய்யச் சொன்னார்கள். அன்றைய இரவில் ஆர்டர் போடாமலிருப்பது அவர்களுக்குத் துணை நிற்பது. அன்று நிறுவனங்கள் ஓர் ஆர்டருக்கு 120 முதல் 150 ரூபாய் வரை தர முன்வந்ததாகச் செய்திகள் வந்தன. பண்டிகைக் காலத்தில் வழக்கமாகத் தருவதுதான் இது என்றன நிறுவனங்கள். எப்படியானாலும், ஊழியர் இல்லாமல் போவது நிறுவனத்துக்கு நட்டமாகும் இரவில் கூலி உயர்கிறது என்பது தெளிவாயிற்று.

செயலியைப் பயன்படுத்துவது என்று முடிவானால், அதற்குள்ளும் தேர்வுகள் உண்டு. முதலாவதாகப் பலர் நினைப்பது டிப்ஸ். கோயலின் அதே கணக்கில், ஏறத்தாழ ஐந்து சதவீத ஆர்டர்களுக்கே டிப்ஸ் கிடைக்கிறது. மணிக்குச் சராசரியாக 2.6 ரூபாய். கொடுப்பது நல்லதுதான், ஆனால் கூலியின் ஓட்டையை அடைக்கும் அளவுக்கு அது ஒருபோதும் பெருகாது. அதைவிடப் பயனுள்ளது வேகத்தை மறுப்பது. பத்து நிமிட உணவு என்று தனியாக விற்கப்படுவதைத் தவிர்க்கலாம். பத்து நிமிட வாக்குறுதியை விளம்பரத்திலிருந்து நீக்குமாறு 2026 ஜனவரியில் மத்திய தொழிலாளர் அமைச்சகமே நிறுவனங்களிடம் கேட்டுக்கொண்டது. சாம்பார் சிந்தியிருந்தால் புகாரை உணவகத்தின் பெயரில் பதிவதும், கொண்டுவந்தவரின் மதிப்பெண்ணில் கைவைக்காமலிருப்பதும் நம் விரல் நுனியில் உள்ள காரியங்கள். மழையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டோரிடையே ஒரு தயக்கம் உண்டு; சாதாரண மழையில் கூடுதல் தொகை கிடைப்பதால் ஊழியர்கள் பலர் அந்த ஆர்டர்களை விரும்புகிறார்கள், சிவப்பு எச்சரிக்கை நாளில் யாரையும் தண்ணீர் தேங்கும் வேளச்சேரிக்கு அனுப்பக் கூடாது என்பதே என் கருத்து. அடுக்ககங்களில் டெலிவரி ஆட்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று பலகை வைத்திருக்கும் சங்கங்களுக்கோ எந்தச் செயலியையும் குறைசொல்லும் தகுதியில்லை.

சம்பள வேலைக்கும் செயலி வேலைக்கும் இடையிலான தூரத்தைக் குறைக்கச் சட்டம் முயல்கிறது. கிக் தொழிலாளர்கள் எனப்படும் செயலிவழி ஊழியர்களுக்காக ராஜஸ்தான் 2023இல் நாட்டின் முதல் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு கிக் தொழிலாளர்களுக்கு நலவாரியம் அமைந்தது. கர்நாடகம் 2025இல் சட்டம் இயற்றியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதத்தை, ஊழியர்களுக்குத் தரும் தொகையில் ஐந்து சதவீதம் என்ற உச்சவரம்புக்குள், நிதியாகச் செலுத்தச் சொல்கிறது. 2025 டிசம்பர் இறுதியில் வெளியான அதன் வரைவு விதிகள், பயன் பெற ஒரே நிறுவனத்தில் ஆண்டுக்கு 90 நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும் என்றன. சொமேட்டோ ஊழியர் ஒருவர் 2025இல் சராசரியாக வேலை செய்தது 38 நாட்கள் என்று கோயல் சொன்னதை இதனருகில் வைத்தால், எத்தனை பேர் வெளியே நிற்பார்கள் என்பது புலப்படும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்திய தமிழ்நாட்டில், கடை வாசலில் நிற்கும் டெலிவரி ஊழியர்களுக்காகச் சென்னை மாநகராட்சி 2025இல் அண்ணாநகரில் குளிர்சாதன ஓய்வறை திறந்தது. காத்திருக்க இடம் கிடைத்தது; காத்திருப்புக்குக் கூலி மேற்சொன்ன எந்தச் சட்டத்திலும் இல்லை.

அதைச் சட்டமாக்கிப் பார்த்த ஊர் நியூயார்க். 2023 டிசம்பரில் தொடங்கி அங்கே செயலி உணவு டெலிவரி ஊழியர்களுக்கு மணிக்கு 17.96 டாலர் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தது. ஆர்டருக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் கொண்டு வகுக்கப்பட்ட தொகை அது. செயலி நிறுவனங்கள் உடனே வாடிக்கையாளர் கட்டணத்தை உயர்த்தின, டிப்ஸ் கேட்கும் கட்டத்தை ஆர்டர் முடிந்த பிறகு வருமாறு தள்ளின, கூட்டம் குறைந்த நேரத்தில் எல்லோரும் லாகின் செய்ய முடியாதபடி பூட்டின. காத்திருப்புக்குப் பணம் கொடுக்க நேர்ந்ததும், நம்மூர் உணவக முதலாளி இரண்டு ஆளோடு நிறுத்திக்கொள்வதைப் போலவே அவர்களும் ஆட்களை அளந்து எடுத்தார்கள். உள்ளே இருப்பவருக்கு நிச்சயமான கூலி கிடைத்தது. நினைத்த நேரத்தில் வந்து போகும் சுதந்திரம் சுருங்கியது. சென்னையில் இதே கேள்வி எழும்போது முழுநேர ஊழியரும் மாலையில் மட்டும் வரும் மாணவரும் ஒரே பதிலைச் சொல்லப்போவதில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பத்து மணி நேரம் சாலையில் இருப்பவர் பக்கம்தான் நான் நிற்பேன். அதற்காக டெலிவரிக் கட்டணம் கூடுவதையும் உணவு இருபது நிமிடம் தாமதிப்பதையும் வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.